லவெண்டர் தோட்டத்தில் நாலு பேர்

மடு மாதா துணை

கொலோன்
16.7.1996

என் அன்பு மகள் இமெல்டாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் பெரியம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறாய். படிப்பு கூடிவிட்டது என்று சொல்லித் தப்பப் பார்க்காதே. பெரியம்மாவின் கடிதத்தை விட உன் கடிதத்துக்குத்தான் நான் தபால்காரனைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். உன்னை இங்கே கூப்பிடுவதற்கு அன்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டாயிற்று. அலுவலகத்தில் இருந்து இன்னும் மறுமொழி வரவில்லை. டிசம்பர் எட்டாம் திகதி உனக்குப் பதினாறு வயது என்பதும், அதற்குப் பிறகு பிள்ளை என்று சொல்லிக் கூப்பிட முடியாது என்பதும் எனக்குத் தெரியாதது இல்லை. நீ சோதனைக்குப் படி. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி ஒரு புதினம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் ஒரு லவெண்டர் தோட்டத்துக்குப் போனோம். உன் தங்கச்சி ஜெசிக்காவின் யோசனைதான். அவளுடைய வகுப்பில் ஒரு பிள்ளை ஊதாப் பூக்கட்டு ஒன்று கொண்டுவந்து ரீச்சருக்குக் கொடுத்ததாம். அன்று தொடங்கிய அரியண்டம். அப்பா பாண் தொழிற்சாலையில் ஆறு நாளும் நின்றுவிட்டு ஏழாம் நாள் படுத்துக் கிடக்க ஆசைப்படுகிற மனிதர். "பூ வெட்டப் போறதுக்கு எனக்கென்ன விசரே" என்றார். கடைசியில் அவருடன் வேலை செய்கிற அல்பேர்ட் அண்ணை, "என்ர வான் இருக்கு, அதிலை கூட்டிக்கொண்டு போறன், வெளிக்கிடுங்கோ" என்று சொன்ன பிறகுதான் வாய் அடங்கியது.

கொலோனில் இருந்து ஒரு மணித்தியால ஓட்டம். அந்தத் தோட்டத்தில் பூவை வெட்டி வைத்து விற்பதில்லை. நாங்களே வயலுக்குள் இறங்கி வெட்டி எடுக்க வேண்டும். வாசலில் ஒரு மேசை போட்டு, தொப்பி போட்ட ஒரு மனிசி கூடைகளும் கத்தரிக்கோல்களும் வைத்துக்கொண்டு இருந்தா. குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை கூடை எடுத்துத் தருகிறா. எங்களிடமும் எத்தனை பேர் என்று கேட்டா. நான் ஐந்து என்று சொல்லிவிட்டேன். அவவும் ஐந்து கூடையை எண்ணி என் கையில் தந்துவிட்டா. அப்பா திரும்பிப் பார்த்து, "நாலு பேர் எல்லோ" என்று ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுத்தார். பதினொரு வருடம் ஜேர்மனியில் இருந்தும் அம்மாவுக்கு ஐந்து வரையும் எண்ணத் தெரியாது என்று கொட்வின் விழுந்து விழுந்து சிரித்தான். உன் தம்பிக்குப் பன்னிரண்டு வயது, வாய் மட்டும் இருபது.

அடியில் மரமாகிப் போன தண்டில் கத்தரி படக்கூடாது, பட்டால் அந்த இடம் திரும்பத் தளிர்க்காது என்று அந்த மனிசி ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் உள்ளே விட்டா. கொட்வின் முதல் வெட்டே அதில்தான் வெட்டினான். பூவுக்குப் பூ தேனீ. ஜெசிக்கா பயப்படாமல் அதுகளோடு ஜேர்மனில் கதைத்துக்கொண்டு வெட்டினாள். அல்பேர்ட் அண்ணை பத்து நிமிடத்தில் தும்மத் தொடங்கி வானுக்குள் போய் இருந்துகொண்டார். மத்தியானம் நான் கொண்டுபோன கட்லட்டையும் பாணையும் வரம்பில் இருந்து சாப்பிட்டோம். பக்கத்தில் இருந்த ஜேர்மன் குடும்பம் கேக் வெட்டிச் சாப்பிட்டார்கள், எங்களுக்கும் ஒரு துண்டு தந்தார்கள்.

நான் ஒரு வரிசையை வெட்டிக்கொண்டே போய்க் கடைசிக்கு வந்துவிட்டேன். நிமிர்ந்தால் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இவ்வளவு பூவுக்குள் நின்றுகொண்டு அழுதேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஆனால் அழுதேன். உன்னை நினைத்துத்தான்.

இதோடு வைத்திருக்கிற படம் அல்பேர்ட் அண்ணை எடுத்தது. நாலைந்து பூவும் வைத்திருக்கிறேன். பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு. அக்காவின் முழங்கால் நோ எப்படி என்று எழுது.

உன் அன்பு அம்மா
புஷ்பமலர்


நீர்கொழும்பு
8.8.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் பெரியம்மாவும் சுகம். முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கும் தம்பி தங்கச்சிக்கும் என் அன்பு.

உங்கள் கடிதம் பிரிப்பதற்கு முன்பே மணத்தது. தபால்காரர் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தந்தார். பெரியம்மா, "உன்ர கொம்மா சவுக்காரம் அனுப்பியிருக்கிறாவோ" என்று கேட்டா. பிரித்தால் பூ இல்லை, தூள்தான். இங்கே லவெண்டர் என்றால் பவுடர் பேணியில் இருக்கிற படம். அது வயலில் வளரும் என்று நான் யோசித்ததே இல்லை. பெரியம்மா அந்தத் தூளைத் தையல் மெசின் லாச்சிக்குள் கொட்டி வைத்தா. இப்போது அவ தைத்துக் கொடுக்கிற பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் உங்கள் தோட்டம் மணக்கிறது. ஒரு பிள்ளையின் தாய் வந்து என்ன சென்ட் போட்டீர்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறா.

படத்தை மெசினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஜெசிக்காவுக்கு என் மூக்கு. பாவம். அப்பாவுக்கு வயிறு வைத்துவிட்டது. உங்களைத்தான் நான் கனநேரம் பார்த்தேன். நான் உங்களைக் கடைசியாக நேரே கண்டது நாலரை வயதில். எனக்குக் கொப்பளிப்பான் வந்து படுத்திருந்ததும், நீங்கள் வேப்பிலையால் முதுகு தடவியதும் நினைவில் இருக்கிறது. உங்கள் முகம் படங்களில் இருந்து எடுத்து நானாகச் சேர்த்துக்கொண்டதுதான். ஒவ்வொரு படம் வரும்போதும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

இரண்டு கேள்வி கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

நீங்கள் எண்ணத் தெரியாதவர் இல்லை. ஐந்தாவது கூடை எனக்கு என்று எனக்கு விளங்கிவிட்டது. வாசித்துவிட்டுப் பெரியம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். ஆனால் ஜெசிக்கா கேட்டிருப்பாளே, ஐந்தாவது ஆள் ஆர் என்று. எட்டு வயதுப் பிள்ளை கேட்காமல் விடாது. நீங்கள் என்ன சொன்னீர்கள்?

மற்றது, அன்ராக் இலக்கம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிளோறன்ஸ் சிஸ்டர் சொல்கிறா, இலக்கம் தெரிந்தால் கொழும்பில் தூதரகத்தில் போய் விசாரிக்கலாமாம். தானும் கூட வருவாவாம். வகுப்பில் இருந்த மூன்று பேர் கனடா போய்விட்டார்கள். இடைவேளைக்கு இப்போது நான் சிஸ்டருடன்தான் கதைக்கிறேன் என்றால் நிலைமையைப் பாருங்கள். வீட்டில் பெரியம்மா மெசினை மிதிக்கிறா, நான் புத்தகத்தைப் பிரட்டுகிறேன். எங்களைப் போல மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஆட்களின் பதிவைப் பார்க்கக் கிழமைக்கு ஒரு தரம் பொலிஸ் வருகிறார்கள். பதிவில் இரண்டு பேர், வீட்டில் இரண்டு பேர், சரி பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இலக்கத்தை மறக்காமல் எழுதுங்கள்.

அன்பு மகள்
இமெல்டா


கொலோன்
30.8.1996

அன்பு மகள் இமெல்டாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். நீ பெரிய மனிசி மாதிரிக் கேள்வி கேட்கிறாய். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

இங்கே பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. கொட்வினுக்குக் கணக்கு ஓடுதில்லை, பந்து ஓடுகிறது. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு ஆள் நின்றுவிட்டா. அவவின் மாடியையும் நான்தான் துடைக்கிறேன். வெட்டி வந்த லவெண்டரைக் கட்டுக் கட்டாகச் சமையலறையில் தொங்கவிட்டேன். குழம்பு வாசமும் அதுவும் சேர்ந்து அப்பாவுக்குத் தலையிடி. கழற்றி எறி என்கிறார். நான் எறியவில்லை.

அன்ராக் விசயம் அப்பாவின் கையில் இருக்கிறது. இலக்கம் எழுதிய கடதாசியை அவர் எங்கேயோ பத்திரமாக வைத்துவிட்டார். எடுத்ததும் அனுப்புகிறேன். சிஸ்டரை வீணாக அலைக்கழிக்காதே. கொழும்புக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடிகள் இருக்கும்.

ஜெசிக்கா கேட்டாள்தான். பிள்ளைகள் ஆயிரம் கேட்கும். நான் என்னவோ சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

உன் உயரமும் தோள் அளவும் பெரியம்மாவிடம் எடுத்து எழுது. இங்கே மலிவு விற்பனையில் குளிர்ச்சட்டை போட்டிருக்கிறார்கள். வருகிற பிள்ளைக்கு ஒன்று வாங்கி வைக்க ஆசை. நீலம் பிடிக்குமா, சிவப்புப் பிடிக்குமா?

உன் அன்பு அம்மா
புஷ்பமலர்


நீர்கொழும்பு
24.9.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

குளிர்ச்சட்டை இப்போது வேண்டாம். அளவு எழுதவில்லை.

வியாழக்கிழமை நானும் பெரியம்மாவும் சிஸ்டரும் கொழும்புக்குப் போனோம். பயப்படாதீர்கள், போய்த் திரும்பி வந்துவிட்டோம். தூதரகத்தில் தமிழ் கதைக்கிற ஒரு அக்கா இருந்தா. நல்லவ. என் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டுத் தேடிப் பார்த்தா. ஒன்றும் இல்லை. பிறகு விளங்கப்படுத்தினா. இப்படியான அன்ராக்கைத் தாய் தகப்பன் அங்கே போடுவதில்லையாம். பிள்ளைதான் இங்கே வந்து கையெழுத்து வைக்க வேண்டுமாம். அப்படி என்றால், அம்மா, பதினாறு மாதமாக நீங்கள் போட்டாயிற்று என்று எழுதியது எதை?

அந்த அக்கா எனக்காக ஒரு துண்டில் எழுதித் தந்தா. அம்மா அப்பா ஜேர்மனியில் கொடுத்த பதிவில் பிள்ளைகளின் பெயர் வருகிற பக்கத்தின் பிரதி ஒன்று வேண்டும். அது ஒன்று வந்தால் போதும், டிசம்பர் எட்டுக்கு முன்பு பதிந்துவிடலாம் என்றா. "உம்மடை பேர் அதிலை இருக்கும் தானே" என்று கேட்டா. நான் ஓம் என்றேன். பக்கத்தில் நின்ற பெரியம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

வீட்டுக்கு வந்ததும், ஏன் நிலத்தைப் பார்த்தீர்கள் என்று பெரியம்மாவைக் கேட்டேன். "உன்ர அம்மாவைக் கேள், நான் சொல்லக்கூடாது" என்றா.

அதனால் உங்களைக் கேட்கிறேன். என் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா இல்லையா. ஒரு சொல்லில் எழுதினால் போதும். புதினம் ஒன்றும் வேண்டாம்.

இமெல்டா


கொலோன்
11.10.1996

என் மகளே இமெல்டா,

இல்லை.

நீ கேட்ட ஒரு சொல் அதுதான். அதை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனையை எடுக்கவில்லை. மிச்சத்தையும் எழுதுகிறேன். நீ வாசிக்காமல் விட்டாலும் நான் எழுதத்தான் வேண்டும்.

1985 இல் நாங்கள் வெளிக்கிடுகிற கிழமைதான் உனக்குக் கொப்பளிப்பான் போட்டது. மேல் முழுக்கக் கொப்பளம். ஏஜென்சிக்காரன் வந்து பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையோடு பிளேன் ஏற விடமாட்டார்கள், நாலு பேரும் மாட்டுப்படுவீர்கள் என்றான். கொட்வின் கைக்குழந்தை. பெரியப்பா செத்து, பிள்ளை குட்டி இல்லாமல் தனியாக இருந்த அக்காவிடம் உன்னை விட்டேன். இரண்டு மாதத்தில் கூப்பிடுவோம் என்றுதான் விட்டேன். நீ நித்திரையாக இருந்தாய். எழுப்பினால் போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுப்பவில்லை.

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு ஜேர்மனியில் இருந்து மேற்குப் பக்கம் வந்ததும் அதே ஏஜென்சியின் ஆள் ஒருவன் சொல்லித் தந்தான். விசாரணையில் ஊரில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லக்கூடாது, அங்கே பிள்ளையை விடலாம் என்றால் உங்களுக்கு என்ன உயிர்ப் பயம் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றான். நாங்கள் நம்பினோம். எங்களைப் போல எத்தனை பேர் அப்படி நம்பினார்களோ தெரியாது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். அப்பா ஒன்று என்றார். மொழிபெயர்த்தவர் என்னையும் கேட்டார். நானும் ஒன்று என்றேன். அதற்குப் பிறகு வந்த எல்லாப் படிவத்திலும் அந்த ஒன்றைப் பார்த்துத்தான் எழுதினோம். ஜெசிக்கா பிறந்த பிறகு இரண்டு.

போன வருடம் நிரந்தர விசா கிடைத்ததும் உண்மையைச் சொல்லுவோம் என்று அப்பாவைக் கேட்டேன். கேட்கிறேன், கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதற்கிடையில் போட்டாயிற்று என்று உனக்கு எழுதிவிட்டேன். எப்படியும் அவரைச் சம்மதிக்க வைத்துவிடலாம், அப்போது அது பொய்யாக இருக்காது என்று நினைத்தேன்.

அந்தத் தோட்டத்தைப் பற்றியும் உனக்கு முழுதாக எழுதவில்லை. ஐந்து என்று என் வாய் தானாகச் சொல்லியது. ஒருவரும் சிரிக்கவில்லை. கொட்வின் சிரித்தான் என்று நான் கடிதத்துக்காக எழுதினேன். வரும்போது வானுக்குள் ஜெசிக்கா கேட்டாள், "அம்மா, அஞ்சாவது ஆருக்கு?" நான் சொன்னேன், "அல்பேர்ட் மாமாவுக்கு." அல்பேர்ட் அண்ணைக்கு எல்லாம் தெரியும். வீட்டுக்கு வந்து பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு அப்பா கேட்டார், "பதினொரு வருசம் வாயைக் காத்தனாங்கள். ஒரு கூடைக்காக எல்லாத்தையும் கெடுக்கப் போறீரோ? பொய் சொல்லித்தான் இருந்தனாங்கள் எண்டு எழுதி இந்த ரெண்டு பிள்ளையளையும் ஏத்தி அனுப்பினா ஆர் பொறுப்பு?" அவர் கெட்ட மனிதர் இல்லை, மகள். பயந்த மனிதர். நானும்தான்.

அந்தப் பிள்ளைகள் இரண்டுக்கும் நீ பெரியம்மாவின் மகள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். எங்காவது வாய் தவறிச் சொல்லிவிடும் என்ற பயத்தில்.

இப்போது ஒரு வழி இருக்கிறது. அப்பாவும் சம்மதித்துவிட்டார். அங்கே அகதி அட்டையிலும் பள்ளிக்கூடத்திலும் உன்னை அக்கா தன் மகள் என்றுதான் பதிந்திருக்கிறா. அந்தப் பெயரிலேயே கிறிஸ்மஸுக்கு விருந்தாளி விசாவில் நீ வரலாம். அழைப்புப் படிவம் எடுத்து நிரப்பிவிட்டேன். என்ன உறவு என்று கேட்ட இடத்தில், அக்காவின் மகள், என் பெறாமகள் என்று பதிந்திருக்கிறேன். டிசம்பர் பத்தாம் திகதி தூதரகத்தில் உனக்கு ரேர்மின், நேரில் வரச் சொன்ன நாள். விருந்தாளி விசாவுக்கு வேறு ஆளாம், நீ கண்ட அந்த அக்கா இல்லையாம். ஜேர்மனியில் இருப்பது ஆர் என்று கேட்பார்கள். சின்னம்மா என்று சொல்ல வேண்டும். தடக்குப்படாமல் வர வேண்டும். பெரியம்மாவை வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகு. இங்கே வந்த பிறகும் பிள்ளைகளுக்கு முன்னால் கொஞ்சக் காலம் அப்படித்தான். பிறகு ஒரு வழி பார்ப்போம். வாய்க்குத்தானே, மகள். வாய்க்கு மட்டும்தான்.

நீ வந்தால் போதும். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உன்னை ஒரு தரம் கட்டிப் பிடிக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் அம்மா
புஷ்பமலர்


கொலோன்
24.11.1996

அன்பு மகள் இமெல்டாவுக்கு,

ஆறு கிழமையாக உன்னிடம் இருந்து ஒன்றும் இல்லை. அங்கே உங்கள் சந்தியில் இருக்கிற தொலைபேசிக் கடைக்கு மூன்று ஞாயிறு எடுத்தேன். கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒவ்வொரு தரமும் அக்காதான் வந்தா. நீ படிக்கிறாய் என்றா. அக்காவின் குரலில் ஒரு கோபமும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயம்.

அழைப்புப் படிவம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்திருக்கும். பத்தாம் திகதியை மறக்காதே. ஜெசிக்கா தன் கட்டிலுக்குப் பக்கத்தில் உனக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள். அக்கா ஜேர்மன் கதைப்பாவோ என்று கேட்கிறாள். நீலக் குளிர்ச்சட்டை ஒன்று வாங்கிவிட்டேன். அளவு தெரியாமல் என் அளவில் வாங்கினேன்.

திட்டியாவது ஒரு கடிதம் போடு, பிள்ளை.

அம்மா


நீர்கொழும்பு
20.12.1996

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீங்களும் சித்தப்பாவும் தம்பி தங்கச்சியும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். நேற்றுத்தான் கடைசிச் சோதனை முடிந்தது. கணக்கு நன்றாகச் செய்தேன். அம்மாவுக்கு முழங்காலுக்குப் புது எண்ணெய் வாங்கிப் போடுகிறோம், இப்போது கொஞ்சம் சுகம்.

இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஒக்டோபர் கடிதம் வந்த கிழமை கோபம் இருந்தது. அப்போது எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். அதனால்தான் எழுதாமல் இருந்தேன்.

நீங்கள் சொன்னபடி பழகினேன். பின்னேரத்தில் மெசினை நிறுத்திவிட்டு அவ என்னைக் கேள்வி கேட்பா. "ஜேர்மனியிலை இருக்கிறது ஆர்?" சின்னம்மா என்பேன். முதல் நாள் அம்மா என்று தொடங்கித் திருத்தினேன். மூன்றாம் நாள் தடக்குப்படாமல் வந்தது. ஆனால் அதோடு முடியவில்லை. நீங்கள் சின்னம்மா என்றால் அவ ஆர் என்றும் கேட்பார்கள் தானே. "அப்ப நான் ஆர்?" என்று அவ கேட்டா. அதற்கு மட்டும் எனக்கு வாய் வரவில்லை. அவவும் வற்புறுத்தவில்லை.

உங்களுக்குத் தெரியாது. சின்ன வயதில் நான் எத்தனையோ தரம் அவவை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும், "நான் பெரியம்மா. உன்ர அம்மா அங்கை இருக்கிறா" என்று திருத்துவா. மன்னாரில் இருந்து தோணியில் வரும்போது நான் காய்ச்சலில் அப்படிக் கூப்பிட்டேனாம், அப்போதும் தான் திருத்தியதாகச் சிரித்துக்கொண்டு சொல்லுவா. உங்கள் இடத்தை அவ பதினொரு வருடமும் ஒரு நாளும் எடுக்கவில்லை. உங்கள் படங்களை எல்லாம் சுவரில் ஒட்டியதும் அவதான்.

ஒரு நாள் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றபோது துவாயை மறந்துவிட்டேன். "அம்மா, துவாயை எடுத்துத் தாங்கோ" என்று கூப்பிட்டேன். பழகுவதற்காகச் சொல்லவில்லை. தானாக வந்தது. அவ துவாயோடு வந்து நின்றா. திருத்தப் போகிறா என்று பார்த்தேன். திருத்தவில்லை. "இன்னொருக்கால் சொல்லு" என்றா. சொன்னேன். துவாயைத் தராமல் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

பத்தாம் திகதி நான் தூதரகத்துக்குப் போகவில்லை. அன்று சோதனை இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன். உங்கள் வீட்டில் நின்றுகொண்டு உங்களைப் பார்த்துச் சின்னம்மா என்று கூப்பிட எனக்கு முடியாது. இங்கே இருந்து கூப்பிடலாம். இங்கே இருந்து அது சரியாகத்தான் இருக்கிறது.

எட்டாம் திகதி பதினாறு முடிந்ததும் அடையாள அட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் படிவம் தந்தார்கள். தாயின் பெயர் என்ற இடத்தில் அவவின் பெயரை, தேவமலர் என்று, எழுதினேன். பொய் எழுதுகிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. சிஸ்டர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தா.

பயப்பட ஒன்றும் இல்லை என்று சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள். நான் ஒருவரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டேன். கொட்வின் தம்பிக்கு என் கிறிஸ்மஸ் வாழ்த்து. ஜெசிக்காவிடம், அக்காவுக்குச் சோதனை வந்துவிட்டது, அதனால் வரவில்லை என்று சொல்லுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த இடத்தை அவள் தன் பொம்மைகளுக்கு எடுக்கட்டும். நீலச் சட்டையை நீங்களே போடுங்கள், உங்கள் அளவு தானே.

நேரம் இருக்கும்போது கடிதம் போடுங்கள். அம்மாவும் உங்கள் கடிதத்துக்குப் பார்த்துக்கொண்டு இருப்பா.

இப்படிக்கு
உங்கள் பெறாமகள்
இமெல்டா